மூன்றாவது முத்திரை

சிரிக்காதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. சும்மா வந்த பெயர் இல்லை, பாடுபட்டுச் சம்பாதித்தது. பீங்கான் தொழிற்சாலையின் அலுவலகத்தில் உட்கார்ந்து இருநூறு பேருடைய விடுப்பு, தாமதம், குறை, குற்றம் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தால் நாற்காலிக்கு என்ன மரியாதை? முதுகுக்குப் பின்னால் என்னை உம்மணாமூஞ்சி என்பார்கள். நேரில் சார் என்பார்கள். இரண்டும் எனக்குச் சம்மதமாகத்தான் இருந்தது.

என்னைச் சிரிக்க வைத்தே தீருவேன் என்று ஒரே ஒரு மனிதர் இருபத்திரண்டு வருஷம் மல்லுக்கு நின்றார். என் அக்காவின் கணவர். கல்யாணமான அன்றைக்கே அக்காவிடம், எனக்கும் கேட்கும்படியாக, "உன் தம்பி மூஞ்சியை யாரோ இஸ்திரி போட்டு மடிச்சு வச்சிருக்காங்க. ஒரு நாள் இவனை சத்தமா சிரிக்க வைக்கிறேனா இல்லையா பாரு" என்றார்.

"அவன் பொறந்ததுலேர்ந்து நானும் முயற்சி பண்றேன். உங்களால ஆகாது" என்றாள் அக்கா.

அத்தானும் அதே தொழிற்சாலைதான். எனக்கு முன்பே சேர்ந்தவர். சூளையிலிருந்து வரும் கோப்பைகளையும் தட்டுகளையும் தரம் பிரிக்கும் அறையில் அவருக்கு வேலை. அந்த வேலையைக் கண்ணால் செய்வதாக வெளியாள் நினைப்பான். காதால் செய்கிற வேலை அது. கோப்பையை மூன்று விரல் நுனியில் நிறுத்தி, விளிம்பில் ஒரு சின்ன மரக்குச்சியால் தட்டுவார். டிங் என்றால் நல்லது. டொக் என்றால் உள்ளே எங்கோ விரிசல், கண்ணுக்குத் தெரியாது, கொதிக்கக் கொதிக்க எதையாவது ஊற்றினால் இரண்டாகப் பிளக்கும். டொக் எல்லாம் உடைசல் தொட்டிக்குப் போகும். டிங் என்று பேசி, ஆனால் மேலே புள்ளியோ கீறலோ இருந்தால் இரண்டாம் தரம். மீதி முதல் தரம். பார்த்து முடித்ததும் அடியில் தன் எண்ணைக் குத்த வேண்டும். அத்தானின் எண் ஏழு. இருபத்தாறு வருஷத்தில் ஏழாம் எண் போட்ட கோப்பை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எல்லோரும் அவரை டிங் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

வாய் மட்டும் சும்மா இருக்காது. டொக் என்று ஒரு கோப்பை சொன்னால், "ஐயோ, உனக்கும் இடுப்புப் பிடிப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டியில் போடுவார். அறையே சிரிக்கும். நான் எதற்காவது அந்தப் பக்கம் போனால் என் முகத்தைப் பார்த்தபடியே ஏதாவது சொல்வார், சொல்லிவிட்டுக் காத்திருப்பார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்த வேலையைச் சொல்வேன். சிரிப்பு வராமல் இல்லை. வந்ததை விழுங்கினேன். அவரிடம் தோற்றுவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

இப்போது அந்த முத்திரைக்கு வருகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் குறைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. யாருக்கு என்ன குறையோ அதில் எழுதலாம். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சமயம் புது விதி வந்தது. ஒவ்வொரு குறையையும் நான் படித்து, மூன்று ரப்பர் முத்திரைகளில் ஒன்றைக் குத்த வேண்டும். முதலாவது அர்ஜென்ட். அது அன்றைக்கே மேலாளர் மேஜைக்குப் போகும். இரண்டாவது ஆர்டினரி. வாரக் கூட்டத்தில் பேசுவார்கள். மூன்றாவது ஃப்ரிவலஸ். அது எங்கேயும் போகாது, அந்தப் பக்கத்திலேயே கிடக்கும்.

மேலாளரே என்னிடம், "இது என்னய்யா மூணாவது?" என்று கேட்டார். நான் கையடக்க அகராதியைப் பார்த்து வைத்திருந்தேன். "அற்பமானது சார். பொறுப்பில்லாதது. விளையாட்டுத்தனம்" என்றேன். "அடேங்கப்பா" என்றார் அவர். அந்த அடேங்கப்பாவில் நான் ஒரு வாரம் மிதந்தேன். தொழிலாளர்களுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. யாராவது வெட்டிப்பேச்சு பேசினால், "போடா ஃப்ரிவலஸு" என்று திட்ட ஆரம்பித்தார்கள். நான் மட்டும் அதை மிக மரியாதையோடு, மையை நன்றாக ஒற்றி, கோணாமல் குத்துவேன்.

புது விதி வந்த அதே வருஷம்தான் கம்ப்ரஸரை இடம் மாற்றினார்கள். பழைய இடத்தில் புதுச் சூளை வரவேண்டியிருந்ததால், அந்தக் காற்றழுத்த இயந்திரத்தைத் தரம் பிரிக்கும் அறைக்குப் பக்கத்தில், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். சூளையடியில் நிற்பவன் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். தரம் பிரிப்பவர் என்ன செய்வார்? பஞ்சை வைத்தால் கோப்பை பேசுவது கேட்காதே. எட்டு மணி நேரமும் திறந்த காதோடு நின்றார்கள். இதெல்லாம் எனக்கு இப்போது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, பாருங்கள்! அன்றைக்கு நான் அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு தாண்டினேன், அவ்வளவுதான்.

அத்தான் பதிவேட்டில் முதல் முறையாக எழுதினார்.

'கம்ப்ரஸர் அம்மணிக்கும் எனக்கும் ஒரே வீட்டில் குடித்தனம் சரிப்படவில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. என் பெண்சாதியே பரவாயில்லை. தயவுசெய்து எங்களைப் பிரித்து வைக்கவும். ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்.'

நான் படித்தேன். உதட்டைக் கடித்தேன். இதை மேலாளரிடம் கொண்டு போனால் என்ன நினைப்பார்? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. எழுதியவர் என் அக்கா புருஷன். மச்சானுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா என்று எவனும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது. மூன்றாவது முத்திரையை எடுத்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து இரண்டாவது.

'என் வலது காதில் ஒரு வண்டு குடி வந்திருக்கிறது. முன்பணமும் இல்லை, வாடகையும் இல்லை. இருபத்து நாலு மணி நேரமும் கச்சேரி. காலி செய்யச் சொல்லி ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸ் அனுப்பினால் புண்ணியமாகப் போகும்.'

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தார். "என்ன மாப்ளே, என் வண்டுக்கு நோட்டீஸ் போயிடுச்சா?"

"அத்தான், பதிவேடு தமாஷ் பண்ற எடம் இல்ல."

"அட, குத்திட்டியா? என்ன குத்தின, மூணாவதா?" என்று எட்டிப் பார்த்தார். அந்த ஆங்கில எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். "அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் சில விஷயங்கள் என் கண்ணில் பட்டன. பட்டன என்று சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது. அக்கா வீட்டில் ரேடியோ அலறும். "சத்தத்தைக் குறைங்க" என்று அக்கா கத்துவாள், அவர் திரும்ப மாட்டார். ஒரு முறை நான் பின்னால் நின்று, "அத்தான், நான் கிளம்பறேன்" என்றேன். மூன்று தரம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே இருந்தார். என்னைச் சீண்டுகிறார், விளையாடுகிறார் என்று நினைத்துக் கோபத்தோடு வெளியேறினேன். பாதித் தெருவில் ஒரு சந்தேகம் வந்தது. வந்ததை வந்த வழியே அனுப்பிவிட்டேன். எனக்கு அதில் நல்ல பழக்கம் இருந்தது, சிரிப்பை அனுப்பிய வழிதானே!

மூன்றாவது முறை அவர் எழுதியது இது.

'கோப்பைகள் எல்லாம் என்னோடு டூ விட்டுவிட்டன. தட்டித் தட்டிக் கூப்பிட்டாலும் பேச மாட்டேன் என்கின்றன. நான் அப்படி என்ன தப்பு செய்தேன் என்று விசாரித்துச் சொல்லவும்.'

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். சின்னக் குழந்தைகள் சுண்டுவிரலை நீட்டி டூ விடுவதும், இந்த ஐம்பது வயது மனுஷன் குச்சியும் கையுமாக ஒவ்வொரு கோப்பையாகக் கெஞ்சுவதும் கண் முன்னே வந்துவிட்டது. சிரித்துவிட்டேன். சத்தமாக. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்று எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி சிரித்தேன். இருபத்திரண்டு வருஷமாக அவர் எதற்காக ஏங்கினாரோ அது நடந்தது, அவர் இல்லாத இடத்தில். பிறகு முகத்தைத் துடைத்தேன். பித்தான் தைத்த அன்றைக்குப் பாதித் தெருவில் வந்த அதே சந்தேகம் மறுபடி வந்து பக்கத்தில் நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை. முத்திரையை எடுத்து, மையை ஒற்றி, கோணாமல் குத்தினேன்.

இரண்டு மாதத்தில் ஒரு பெரிய ஓட்டலிலிருந்து கோப்பைகள் திரும்பி வந்தன. பெட்டி பெட்டியாக. சூடாக ஊற்றியதும் பிளந்திருக்கின்றன. ஒரு பெண்மணிக்குத் தொடை வெந்துபோனதாகக் கடிதம் வேறு. விரிசல் விட்ட எல்லாக் கோப்பைக்கும் அடியில் ஏழு. அத்தானை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு காதும் போய்விட்டது, இனி திரும்பாது என்று எழுதிக் கொடுத்தார். இதற்கு முன் ஏன் சொல்லவில்லை என்று நிர்வாகம் கேட்டது. மூன்று முறை சொன்னேன் என்றார் அத்தான். பதிவேட்டைப் புரட்டினார்கள். மூன்று முறையும் இருந்தது. மூன்றின் மேலும் என் முத்திரை இருந்தது. இவை குறைகளே அல்ல, தமாஷ், எங்கள் எழுத்தரே அப்படித்தான் குறித்திருக்கிறார் என்றது நிர்வாகம். விஷயம் தொழிலாளர் அதிகாரியிடம் போனது. பதிவேட்டோடு நான் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசற்படியிலேயே நின்றாள்.

"உள்ள வாக்கா."

"இருக்கட்டும். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அவர் வேலை போனா போகட்டும்டா. எப்படியோ பொழைச்சுக்குவோம். ஆனா அலட்சியமா இருந்தான்னு எழுதிட்டாங்கன்னா அவர் தாங்க மாட்டார். இருபத்தாறு வருஷம் ஒரு கோப்பை திரும்பி வந்ததில்ல. அந்தப் பேரு மட்டும் அவருக்கு வேணும்."

"அதுக்கு நான் என்னக்கா பண்ணட்டும்? அவர் ஒழுங்கா எழுதியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. காது கேக்கலன்னு ரெண்டு வார்த்தை. எழுத முடியாதா?"

"நானும் அதைத்தான் சொன்னேன். நேரா எழுதுங்களேன்னு. எழுதினா நெஜமாயிடும்டி, பயமா இருக்குன்னார்." அக்கா ஒரு படி இறங்கி நின்றாள். "நீ பொய் ஒண்ணும் சொல்ல வேணாம். உனக்கு என்ன தோணிச்சோ அதைச் சொல்லு. அது போதும் எனக்கு."

போய்விட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் அத்தான், என்னை ஏன் இழுக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். விசாரணையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்பார்கள், தடுமாறக் கூடாது என்று பொது நூலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் பெரிய அகராதியை இரண்டு கையால் தூக்கித்தான் மேஜையில் வைக்க முடியும். அதில் அந்தச் சொல்லின் பூர்வீகம் முழுக்க இருந்தது. லத்தீனிலிருந்து வந்ததாம். அற்பம், மதிப்பற்றது என்று பொருளாம். தேய்ப்பது, பொடியாக உதிர்வது என்ற வினையிலிருந்து பிறந்திருக்கலாம் என்று ஒரு ஊகம், உறுதியில்லை. பழைய காலத்து லத்தீன் அறிஞர் ஒருவர், விரிசல் விட்ட மண்பாத்திரங்களுக்குத்தான் அந்தப் பெயர் உரியது என்று எழுதி வைத்திருக்கிறாராம்.

அந்த வரியில் விரலை வைத்து இன்னொரு தரம் படித்தேன். ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தில் யாரோ துணி உலர்த்துவது தெரிந்தது. விரிசல் விட்ட பாத்திரங்களைத் தட்டித் தட்டிப் பிரித்த மனிதரின் தலையில் இந்தச் சொல்லைப் போய்க் குத்தியிருக்கிறேனே என்று ஒரு தரம் உறைத்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷன். அடுத்த நிமிஷமே, இதை விசாரணையில் சொன்னால் அதிகாரி அசந்துபோவார் என்று தோன்றியது. ஒரு துண்டுச் சீட்டில் எல்லாவற்றையும் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

விசாரணை எங்கள் தொழிற்சாலையின் கூட்ட அறையிலேயே நடந்தது. நீள மேஜை. ஒரு பக்கம் மேலாளர், அவருக்குப் பக்கத்தில் தலைமை அலுவலகத்து ஆள். எதிரே அத்தானும் அக்காவும். அத்தான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலாளர் அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பதிவேட்டைப் படித்தார். மூன்றாவது குறையைப் படிக்கும்போது அவர் உதடும் லேசாக நெளிந்தது, நான் பார்த்தேன்.

"இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார்.

சீட்டை எடுத்துப் பிரித்தேன். லத்தீன் என்றேன். ஊகம் என்றேன், உறுதியில்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டேன். மண்பாத்திரம் வரைக்கும் வந்தேன். மேலாளர் பெருமையாகத் தலையாட்டினார்.

அதிகாரி அசந்துபோகவில்லை. "அகராதில என்ன போட்டிருக்குன்னு நான் கேக்கல. அதைக் குத்தும்போது நீங்க என்ன நினைச்சீங்க? கோப்பை பேச மாட்டேங்குதுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். தரம் பிரிக்கிறவர். இவருக்குக் காது கேக்கலையோன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

தோன்றியது. இரண்டு முறை தோன்றியது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். தோன்றியும் ஏன் குத்தினீர்கள்? மேலாளர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். என் நாற்காலி, என் சார், என் மரியாதை எல்லாம் அந்தப் பேனா முனையில் நின்றன.

"தோணல மேடம்" என்றேன். "அவர் எப்பவுமே விளையாட்டாத்தான் எழுதுவார்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தான் மட்டும் என் வாயைப் பார்த்து, நான் என்ன சொன்னேன் என்று புரியாமலோ புரிந்தோ, புன்னகை செய்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளை மேடையேறித் தடுமாறாமல் பேசி முடித்தால் வீட்டுப் பெரியவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பதினைந்து நாளில் தீர்ப்பு வந்தது. கோப்பைகள் பிளந்ததற்குக் காரணம், ஊழியரின் அலட்சியம். அந்தக் காகிதத்தைக் கோப்பில் வைத்தவனும் நான்தான்.

அக்கா வீட்டுக்கு நான்கு மாதம் போகவில்லை. அவர்களும் வரவில்லை. அலுவலகத்தில் குறைப் பதிவேட்டைத் திறந்தாலே கை கூசும். யார் என்ன எழுதினாலும் அர்ஜென்ட் என்று குத்த ஆரம்பித்தேன். குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, அர்ஜென்ட். நாற்காலிக் கால் ஆடுகிறது, அர்ஜென்ட். மேலாளர் கூப்பிட்டு, "என்னய்யா, உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்குக் கெட்டது கண் இல்லை, கெட்ட காதும் என்னுடையது இல்லை. அதனால் நமஸ்காரத்துக்குக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் போனேன். அக்காதான் கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, ஒதுங்கி நின்றாள். ரேடியோ இருந்த இடத்தில் ஒரு துணி மடித்து வைத்திருந்தது. ஜன்னலோரம் அத்தான் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார். மேஜையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. அதன் முதுகில் நூலால் பென்சில் கட்டியிருந்தது. அவரிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதில்தான் எழுத வேண்டும்.

"ஊமைக்கும் செவிடனுக்கும் போஸ்ட் ஆபீஸ்" என்று அக்கா நோட்டைக் காட்டி வறண்ட குரலில் சொன்னாள். "அவர் சொன்ன கடைசி தமாஷ் அது. அப்புறம் ஒண்ணும் சொல்றதில்ல."

"ஏன்?"

"போன மாசம் பக்கத்து வீட்டுக்காரங்க வந்தாங்க. ஏதோ சொன்னார், எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் என்கிட்ட கேட்டார். பல்லு தெரியுது, சிரிக்கிறாங்கன்னு புரியுது, ஆனா சத்தமே வரலையேடி, யாருக்காக சொல்றதுன்னு." அக்கா என்னை நேராகப் பார்த்தாள். "செவிடன் காதுல ஊதின சங்குன்னு பழமொழி இருக்கே. இங்க சங்கே செவிடாயிடுச்சு."

நோட்டைப் புரட்டினேன். டீ போடவா. கதவைத் தட்டுறாங்க. மாத்திரை சாப்பிட்டீங்களா. மழை வருது, ஜன்னலைச் சாத்துங்க. எல்லாம் அக்காவின் கையெழுத்து. ஒரு புதுப் பக்கத்தை எடுத்தேன். எழுதுவதே என் தொழில். ஆனால் முதல் வரி எழுதக் கால் மணி நேரம் ஆனது.

'அத்தான், உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. மேலாளருக்குப் பயந்து விசாரணையில் பொய் சொன்னேன். கோப்பைகள் டூ விட்டதாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்து நான் சத்தமாகச் சிரித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். உங்கள் எதிரில் ஒரு நாளாவது சிரித்திருக்கலாம். இரண்டுக்கும் என்னை மன்னிக்க வேண்டும்.'

அத்தான் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நோட்டை வாங்கினார். மெதுவாகப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அக்கா அவர் தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள், படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தான் பென்சிலை எடுத்தார். பதில் எழுதப் போகிறார் என்று நினைத்தேன். நான் எழுதியதன் மேலேயே குறுக்காக ஒரு நீளக் கட்டம் போட்டார். கட்டத்துக்குள் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்தார். படம் பார்த்துப் படம் வரைகிற மாதிரி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு. அன்றைக்கு விரலால் தடவிப் பார்த்த எழுத்துகள், ஒன்றுகூட மறக்கவில்லை.

ஃப்ரிவலஸ்.

நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, அந்த இருபத்திரண்டு வருஷமும் செய்தாரே அதேபோல, என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

சிரிப்பு வந்தது. விழுங்கப் பார்த்தேன், இந்த முறை அது இறங்கவில்லை. வெடித்துக்கொண்டு வெளியே வந்தது. சிரிக்கச் சிரிக்க அது எங்கே அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினேன். அத்தான் கண் இமைக்காமல் என் வாயைப் பார்த்தார். சட்டென்று அக்காவின் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்.

"சத்தமாவா சிரிக்கிறான்?"

ஆமாம் என்று அக்கா தலையை ஆட்டினாள்.

"சொன்னேன்ல, ஒரு நாள் சிரிக்க வைக்கிறேன்னு!" என்றார். தன் குரலின் அளவு தெரியாமல் வீடே அதிரும்படி சொன்னார். பிறகு அந்தச் சந்தோஷம் முகத்திலேயே மெல்லக் குறைந்தது. மூன்று விரலைக் குவித்து, அதன் மேல் கோப்பை நிற்பதுபோல் என் தாடைக்குக் கீழே கொண்டு வந்து வைத்தார். விரலில் ஏதாவது வருகிறதா என்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது. அக்காவைக் கேட்டார்.

"எப்படி இருக்கு? டிங்கா, டொக்கா?"

அக்கா நோட்டை இழுத்தாள். பென்சிலை எடுத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். என் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள், அழுத்தி எழுதினாள். அத்தான் அதைப் படித்தார். எனக்கும் தலைகீழாகத் தெரிந்தது.

டொக்.

"பரவால்ல விடு" என்றார் அத்தான். "ரெண்டாம் தரத்துல வச்சிக்கலாம்."

டொக் என்றால் தொட்டிக்குத்தான் போக வேண்டும். அவருக்குத் தெரியாத விதியா? அக்கா நோட்டை மூடினாள். டீ போட உள்ளே போனாள். எனக்கும் சேர்த்துத்தான் போடுகிறாளா என்று தெரியவில்லை, கேட்கவும் துணிச்சல் வரவில்லை. அத்தானுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் நறுக்கிய காயைத் தட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.